தினசரிக்கு ஒரு சிவப்புக் கார்

பழைய கார் விற்கும் தொழிலில் பொய் சொல்ல வராதவனுக்கும் ஒரு மரியாதை உண்டு: வாடிக்கையாளர் அவன் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, பக்கத்துக் கடையில் போய் வண்டி வாங்குவார்.

தொண்ணூறுகளின் கடைசியில், கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் அப்படி ஒரு கடையில் எனக்கு வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா தங்கச் சுரங்கத்தில் மரச்சட்டம் கட்டும் வேலை பார்த்தார். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அடிக்கடி வரும். அப்போதெல்லாம் வீட்டில் எல்லாரும் சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். கடையில் என் பெயரை யாரும் சொல்வதில்லை, "பி.காம்" என்றால் நான்தான். கார் விற்கும் அந்த பி.காமுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதும் கடைத்தெரு முழுக்கத் தெரியும்.

விற்பனை வேலையில் மாட்டிக்கொண்டு, விற்காத சரக்கின் முகத்தில் தினமும் விழித்தவர்களுக்கு என் நிலைமையை விளக்க வேண்டியதில்லை. உங்களுடையது துணி தைக்கும் இயந்திரமாகவோ ஆயுள் காப்பீடாகவோ இருந்திருக்கும். என்னுடையது ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். அது வந்து சேர்ந்ததை மட்டும் நான் நேரில் பார்க்கவில்லை. நான் வேலைக்குச் சேர்வதற்கு ஒரு மாதம் முந்தி நடந்தது. மெக்கானிக் தாஸ் அண்ணன் சொன்னதைச் சொல்கிறேன். அவர் சொல்வதில் கால்வாசியைக் கழித்துக்கொள்வது எங்கள் கடை வழக்கம்.

வேன் வாங்கப் போனவர்

எங்கள் முதலாளி வெங்கடேசப்பா பெங்களூருக்குப் போனது ஒரு பழைய வேன் வாங்க. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போவதற்காக ஒருவர் கேட்டிருந்தார். வேன்காரருடைய பக்கத்து வீட்டில், அமெரிக்கா போகிற அவசரத்தில் ஒரு கம்ப்யூட்டர் இளைஞர் தன் காரைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிடத் தயாராக நின்றாராம். சிவப்பு நிறம். இரண்டே பேர் உட்காரலாம். கூரை இடுப்பு உயரம்தான். ஏழு எண்ணுவதற்குள் நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்கும் என்று அவர் ஒரு சுற்று ஓட்டிக் காட்டியிருக்கிறார். முதலாளி வேனை மறந்துவிட்டார்.

இங்கே கடை வாசலில் தாஸ் அண்ணன் வேனுக்காக மாலையும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு நிற்கிறார். சிவப்பாக ஏதோ ஒன்று சாலையை உரசிக்கொண்டு வந்து நின்றது. கதவு திறந்தது. முழங்கால் முகவாயில் இடிக்க உள்ளே மடங்கி உட்கார்ந்திருந்த முதலாளியால் வெளியே வர முடியவில்லை. ஆளுக்கு ஒரு கையாக இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். நிமிர்ந்து நின்றதும் தாஸ் அண்ணன் கேட்டார், "வேன் எங்கண்ணே?" முதலாளி வேட்டியை உதறிக்கொண்டு சொன்னாராம்: "பின்னால வருது. நான் கொஞ்சம் வேகமா வந்துட்டேன்."

இரண்டு பெட்டி

வேன் வரவேயில்லை. கார் மட்டும் கடை முகப்பில் நின்றது. கூட்டம் வரும், வாங்க யாரும் வரமாட்டார்கள். நான் பார்த்த முதல் உண்மையான வாடிக்கையாளர் கோலார் பக்கத்துத் தக்காளி வியாபாரி. அதிகாலையில் மண்டிக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர வேண்டும், அதற்கு வேகமான வண்டி வேண்டும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

பின்பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்தேன். ஆளை அனுப்பி இரண்டு தக்காளிப் பெட்டி கொண்டுவரச் செய்தார். ஒன்று உள்ளே போனது. இரண்டாவதைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து பெல்ட் போட வேண்டியிருந்தது. மூன்றாவதற்கு இடம் இல்லை என்று நானே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. காரை ஒரு தடவை சுற்றி வந்து, கூரையில் மெதுவாகத் தட்டிவிட்டுச் சொன்னார்: "இவ்ளோ வேகமா போய் ரெண்டு பெட்டி இறக்கினா, மண்டியில தக்காளிய விட்டுட்டு என்னைத்தான்பா ஏலம் விடுவாங்க."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

எங்கள் ஊரில் கனரக இயந்திரங்கள் செய்யும் பெரிய தொழிற்சாலை உண்டு. அங்கே வேலை செய்யும் ஃபிட்டர்கள், டர்னர்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறு காலை கோயில் முடிந்ததும் நேரே எங்கள் கடைக்கு வருவார்கள். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட பேன்ட், பையில் வேதாகமம். தலைவர் மாதிரி முன்னால் நிற்பவர் செல்வராஜ் என்ற ஃபிட்டர். தரையில் ஒரு சாக்கை விரித்து, அந்த வெள்ளைச் சட்டையோடு காருக்கு அடியில் போய்விடுவார். மற்றவர்கள் குனிந்து கேள்வி கேட்பார்கள். அவர் அடியிலிருந்து பதில் சொல்வார். ஒருவர் வெர்னியர் அளவுகோல் வைத்து ஒரு போல்ட்டை அளந்து இன்னொருவருடைய பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்வார்.

மூன்று ஞாயிறு பொறுத்தேன். நான்காவது ஞாயிறு, கொஞ்சம் துணிந்து, "யாராவது வாங்குற எண்ணம் இருக்காண்ணே?" என்று கேட்டேன். உதிரிப் பாகம் இந்த நாட்டிலேயே கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. செல்வராஜ் வெளியே தலையை நீட்டி, மூக்கில் கிரீஸோடு, மனம் நொந்தவர் போலப் பார்த்தார். "கிடைக்காதுன்னு யாருப்பா சொன்னது? இரும்பால செஞ்சதுதானே? கேஜிஎஃப்ல செய்ய முடியாத இரும்பு இன்னா கீது?"

மாணிக்கம் மாமா

அப்பாவோடு சுரங்கத்தில் ஒரே ஷிஃப்டில் வேலை செய்தவர் மாணிக்கம் மாமா. ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளி வீடு. ஒரு நாள் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர், "உள்ள உட்காரலாமா?" என்று கேட்டார். எத்தனையோ பேர் அந்தக் காருக்குள் ஏறப் பாடுபட்டதைப் பார்த்திருக்கிறேன். தலையை இடித்துக்கொள்வார்கள், செருப்பு வெளியே விழும், இடுப்பில் பிடித்துக்கொள்ளும். மாமா ஒரே அசைவில் உள்ளே போய் அமர்ந்தார். பூமிக்கடியில் முப்பது வருஷம் குனிந்தே நடந்த உடம்பு. அந்த இருக்கை அவரை அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார்.

பிறகு, தான் சீக்கிரம் வேலையை விட்டு வரப்போவதாகவும், கையில் வரும் பணத்தில் இதை வாங்கிவிட நினைப்பதாகவும் சொன்னார். முதலாளி உள் அறையிலிருந்து எனக்குக் கண் காட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே, பெட்ரோல் எவ்வளவு குடிக்கும், டயர் எங்கிருந்து வரவேண்டும், பெண்ணின் கல்யாணத்துக்கு இதில் ஒரு பாத்திரம்கூட ஏற்ற முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். மாமா இறங்கினார். என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுச் சொன்னார்: "உங்கப்பன் உன்னப் படிக்கவெச்சது வீண் போகல. ஆனா நீ இங்க ரொம்ப நாள் இருக்க மாட்டடா."

அஷ்டே

மாமாவின் கணிப்பு அன்று மாலையே பலித்துவிடும் போல இருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். திட்டுவதென்றால் நிற்கவைத்துத் திட்டுவார். உட்காரச் சொன்னது அதைவிட மோசம். வாடிக்கையாளர்களுக்குக் காட்ட நான் எழுதி வைத்திருந்த தாள் அவர் மேஜையில் இருந்தது. காரின் குறைகள், மொத்தம் பதினொன்று, வரிசை எண் போட்டு. நல்ல கையெழுத்து என்று பாராட்டினார். பிறகு, நம் வியாபாரத்தைக் கெடுக்க அடுத்த கடைக்காரன் தேடினாலும் இப்படித் தாள் எழுத ஓர் ஆள் கிடைக்கமாட்டான் என்றார்.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முடிவையும் சொன்னார். அவர் கோபத்தில் கன்னடம் வந்து கலந்துகொள்ளும், அவ்வளவுதான் என்பது அஷ்டே ஆகிவிடும். "பொங்கல் வரைக்கும் டைம், பி.காம். வண்டி போகணும், இல்ல நீ போகணும். அஷ்டே."

எஸ்தர் சிஸ்டர்

பொங்கலுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது எங்கள் ஊரின் கோரமண்டல் பகுதியிலிருந்து ஒரு அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். எஸ்தர் என்று பெயர், கோலாரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஏழு மணிக்கு டியூட்டி. விடிவதற்குள் கிளம்பி, பங்காருபேட்டையில் பஸ் மாறிப் போகவேண்டும். பாதி நாள் தாமதம். கணவர் சுரங்கத்தில். "அவருக்கு இன்னும் எத்தன நாள் வேலன்னு தெரியல தம்பி. எனக்கு இருக்கறதையாவது கெட்டியாப் பிடிச்சிக்கணும். இனிமே லேட்டா வந்தா வேல இல்லன்னு மேட்ரன் போன வாரம் கடைசித் தடவையா சொல்லிட்டாங்க" என்றார். ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஜீப்பை அவசரத்துக்கு ஓட்டிப் பழகியவர், லைசென்ஸ் இருந்தது.

நான் ஒரு சின்னப் பழைய காரைக் காட்டினேன். எஞ்சினை இரண்டு தடவை பிரித்துப் பூட்டியது என்பதையும் சொன்னேன். அவர் அதன் கண்ணாடி வழியாகப் பின்னால் நின்ற சிவப்புக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலை கேட்டார். வாங்க ஆளில்லாமல் இறங்கி இறங்கி அது சின்னக் காரின் விலைக்கே வந்திருந்தது. உட்கார்ந்து பார்த்தார். எஞ்சினைப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, நோயாளியின் மார்பில் குழல் வைத்துக் கேட்பவர் போலக் கேட்டார். நான் பதினொரு குறைகளையும் படித்தேன். கடைசியில், தினமும் போய்வர இது சரிவராது சிஸ்டர், இதெல்லாம் எப்போதாவது ஆசைக்கு ஓட்டுகிற வண்டி என்றும் சொல்லிவிட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "தினமும் போறதுக்குத்தான் தம்பி நல்ல வண்டி வேணும். வருஷத்துல ஒரு நாள் போறதுக்கு வாடக வண்டி போதாதா?"

காலி ஓட்டம்

மறுநாள் கணவரோடு வந்தார். இஸ்ரவேல் அண்ணன் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவர். ஆட்களை ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழியில் இறக்கி ஏற்றும் கேஜ் என்ற இரும்புக் கூண்டை, மேலே எஞ்சின் அறையில் உட்கார்ந்து இயக்குபவர். அவர் காரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நிபந்தனை சொன்னார். கேஜை நிறுத்திவைத்துவிட்டு மறுபடி எடுக்கும்போது, ஆள் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை காலியாகக் கீழே போய் மேலே வரவேண்டும். நடந்ததை நோட்டில் எழுதவேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் ஆட்கள் ஏறுவார்கள். இந்தக் காரும் அப்படி ஒரு வாரம், திங்கள் முதல் சனி வரை, எஸ்தர் போகும் அதே சாலையில், அதே நேரத்துக்குக் கோலார் போய்வர வேண்டும். நோட்டைப் பார்த்த பிறகு வாங்குவதா என்று எஸ்தர் முடிவு செய்வார்.

முதலாளி பெட்ரோலை நினைத்துப் பெருமூச்சு விட்டார். பொங்கலை நினைத்து ஒத்துக்கொண்டார். தாஸ் அண்ணன் ஓட்டுவதாக முடிவானது. பக்கத்து இருக்கையில் எடைக்கு ஒரு மணல் மூட்டை வைக்கலாம் என்றார். இஸ்ரவேல் அண்ணன் என்னைக் காலிலிருந்து தலைவரை நிதானமாகப் பார்த்தார். "மூட்ட எதுக்கு? விக்கிறவர் உட்காரட்டும்."

நாலாம் நாள்

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அருமையாகப் போயின. வேகத்தடைகளில் மட்டும் காரின் அடிவயிறு தட்டியது. குறுக்காக ஏற்றினால் தட்டாது என்று தாஸ் அண்ணன் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். பங்காருபேட்டை தாண்டியதும் தினமும் எஸ்தர் சிஸ்டர் போகும் பஸ்ஸை முந்துவோம். ஏழுக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே ஆஸ்பத்திரி வாசல். நோட்டில், "தாமதம் இல்லை, பழுது இல்லை" என்று மூன்று நாள் எழுதினேன். மூன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை, பஸ்ஸை முந்திக் கொஞ்ச தூரம் போனதும், அடியில் டமார் என்று ஒரு சத்தம். சைலன்சரைத் தாங்கும் இரும்புப் பட்டை உடைந்து சைலன்சர் தார் ரோட்டில் உரசியது. ஓரம் கட்டினோம். தாஸ் அண்ணன் கம்பியோடு அடியில் போனார். நாங்கள் முந்திவந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனது. நான் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஆள் மறைந்தால் போதுமா? காரை எங்கே மறைப்பது? கம்பி கட்டி, விரட்டிப் போய், பஸ்ஸை மறுபடியும் முந்தினோம். ஆனாலும் ஆஸ்பத்திரி வாசலில் மணி ஏழு ஐந்து.

திரும்பும்போது நோட்டை எடுத்தேன். தாஸ் அண்ணன் ஓரக்கண்ணால் பார்த்தார். எனக்கு வேலை போனால் வீட்டு நிலைமை என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பட்டையைப் புதிதாகச் செய்து மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது என்றார். எனக்கும் அந்த ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். பேனாவை மூடினேன், திறந்தேன். ஆசைக்கு ஓட்டுகிற கார் என்றால் பரவாயில்லை. இதை நம்பித்தான் அந்த அம்மா தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் போகிறார். "பட்டை உடைந்தது. ஐந்து நிமிடம் தாமதம்" என்று எழுதினேன். தாஸ் அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "எழுதுபா, எழுது. அப்படியே கீழ உன் ராஜினாமாவையும் எழுதிடு, ஒரே தாளோட போவும்."

நோட்டுப் புத்தகம்

உடைந்த பட்டை அன்று மாலையே செல்வராஜ் அண்ணன் கைக்குப் போனது. வெள்ளிக்கிழமை விடியும் முன்பே புதுப் பட்டையோடு வந்து நின்றார். வெளிநாட்டுக்காரன் போட்டது மெல்லிசு, இது இரண்டு பங்கு கனம் என்று அவரே அடியில் போய் மாட்டினார். வெள்ளியும் சனியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சனி மாலை இரண்டு பேரும் வந்தார்கள். இஸ்ரவேல் அண்ணன் நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நாலாம் நாளில் விரல் நின்றது. முதலாளி கூரையைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். "மூணு நாளும் பழுது இல்ல, பழுது இல்லன்னு படிச்சிக்கினு வந்தப்ப வேணாம்னு சொல்ல இருந்தேன்" என்றார் அவர். "தினமும் ஒண்ணுமே ஆகலன்னு எழுதுறவன எங்க எஞ்சின் ரூம்ல பக்கத்துலயே சேக்க மாட்டோம்." நோட்டை மனைவியிடம் கொடுத்தார். அவர் அதைத் திறக்கவே இல்லை. "நான் வியாழக்கிழமையே பஸ்ஸுல இருந்து பாத்துட்டேன். தம்பி எழுதுறாரான்னு பாக்கணும்னுதான் உங்ககிட்டகூட சொல்லல" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, கைப்பையைத் திறந்துகொண்டே என் பக்கம் திரும்பினார். "புளியமரத்துக்குப் பின்னால எதுக்குத் தம்பி போய் நின்னீங்க?"

முதலாளிக்கு வந்த சந்தேகம்

கார் கோரமண்டல் பக்கம் திரும்பி மறைகிற வரை முதலாளி வாசலிலேயே நின்றார். பிறகு என்னை உட்காரச் சொன்னார். போன தடவை உட்காரச் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் அவர் காபி வரவழைத்தார். மேஜையில் இருந்த அந்தப் பதினொரு குறைத் தாளை எடுத்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று தேடினார்.

பொங்கல் வந்தது, போனது, நான் இருந்தேன். அடுத்த வாரம் வேறொரு வண்டிக்கும் குறைத் தாள் எழுதச் சொன்னார். ஆனால் அன்று காபி ஆறுவதற்குள், கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி அவர் கேட்டது இதுதான்: "இன்னா பொய் சொன்ன? எனக்கு மட்டும் சொல்லு."

வருகைப் பதிவேடு

அதற்கு அடுத்த வருஷம் சுரங்கம் மூடப்பட்டது. எங்கள் வீட்டிலும் இஸ்ரவேல் அண்ணன் வீட்டிலும் சம்பளம் வாங்கும் ஆள் ஒருவராகக் குறைந்தது. அவர் வீட்டில் அந்த ஒரு ஆள் தினமும் விடியற்காலையில் சிவப்புக் காரில் கோலாருக்குப் போனார். கார் நன்றாக இருக்கிறது என்று எப்போது பார்த்தாலும் சொல்வார். வாங்கியவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள், தாங்கள் ஏமாந்ததாகத் தெரியக்கூடாது என்பதற்காக. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அம்மாவைக் கண் பரிசோதனைக்காக அந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனபோது, அலுவலகத்தில் என்னோடு கல்லூரியில் படித்தவன் உட்கார்ந்திருந்தான். சிஸ்டர் நேரத்துக்கு வருகிறாரா என்று கேட்டேன். வேறு யாரிடமும் சொல்லாதே என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினான். கார் வாங்கிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்கு எஸ்தர் சிஸ்டர் பெயருக்கு நேரே பார்த்துக்கொண்டே வந்தேன். தாமதம் என்று சிவப்பு மையில் இரண்டே இரண்டு இடம். தேதிகளைக் குறித்துக்கொண்டு வந்து தாஸ் அண்ணனிடம் சரிபார்த்தேன். இரண்டு நாளும் கார் அவர் பட்டறையில் படுத்திருந்தது. சிஸ்டர் பஸ்ஸில் போயிருக்கிறார்.

ஆகவே, ஸ்போர்ட்ஸ் கார் தினசரி ஓட்டத்துக்குச் சரிப்படுமா என்று யாராவது கேட்டால், கேஜிஎஃப்பில் குடியிருந்து, வெள்ளைச் சட்டையோடு அடியில் படுக்க ஒரு ஃபிட்டரும் தெரிந்திருந்தால், வருஷத்தில் இரண்டு நாள் நீங்கலாகச் சரிப்படும் என்று வரிசை எண் போட்டு எழுதிக் கொடுக்க நான் தயார்.